ஃபீடிங் பிரா உறுத்துகிறதா? வலிக்கும் இடத்தை வைத்துச் சரிசெய்யலாம்

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது பெட்டியில் மூன்று ஃபீடிங் பிரா எடுத்து வைத்திருந்தேன். மூன்றும் ஒரே அளவு, ஐந்தாம் மாதத்தில் வாங்கியவை. குழந்தை பிறந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் பால் நிறைந்தது. மூன்றில் ஒன்றையும் மாட்ட முடியவில்லை. மாட்டியதை நிமிடத்தில் கழற்றிவிட்டு, அம்மாவின் பழைய பருத்தித் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் உடம்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து அழுதேன்.

உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. அது அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. வாங்கிய நேரமும் அளவும்தான் தப்பு. இரண்டாவது குழந்தைக்கு அதைத் திருத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு தங்கை, நாத்தனார், அலுவலகத் தோழிகள் என்று பலருக்கு டேப் பிடித்து அளவெடுத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் சொல்லும் குறைகள் ஏறக்குறைய இவைதான். உங்களுக்கு இருக்கும் குறையை மட்டும் தேடிப் படித்தால் போதும். ஆனால் அளவெடுக்கும் பகுதியை எல்லோரும் படித்துவிடுங்கள், பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் டேப்பை எடுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப் போதும். நேராக நின்று, மார்புக்கு அடியில் விலா எலும்பை ஒட்டி டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப்பக்கம் டேப் மேலே ஏறாமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விட்டுச் செ.மீ.யில் குறித்துக்கொள்ளுங்கள். இது அடிச்சுற்றளவு. அடுத்து, மார்பின் நிறைவான பகுதியில், காம்புக்கு நேராக, அழுத்தாமல் ஒரு சுற்று. இது மேல்சுற்றளவு.

பல பாக்கெட்டுகளில் 34, 75 என்று இரண்டு எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 75 என்பது அடிச்சுற்றளவு, செ.மீ. கணக்கில். அங்குலத்தில் சொன்னால் சுமார் 29½. அதாவது 34 என்று போட்டிருந்தால் உங்கள் விலாச் சுற்று 34 அங்குலம் இருக்க வேண்டும் என்று பொருள் இல்லை. பலர் இடறுவது இங்கேதான். 70 செ.மீ. என்றால் 32, 75 என்றால் 34, 80 என்றால் 36, 85 என்றால் 38. கப் அளவுக்கு, மேல்சுற்றளவிலிருந்து அடிச்சுற்றளவைக் கழியுங்கள். வித்தியாசம் 12 முதல் 14 செ.மீ. வரை ஏ கப், 14 முதல் 16 வரை பி, 16 முதல் 18 வரை சி, 18 முதல் 20 வரை டி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் வாங்கும் பிராவின் அட்டவணையோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அளவை ஒரு தடவை எடுத்துவிட்டு நிறுத்த முடியாது. மூன்றாம் நான்காம் மாதத்தில் ஒரு முறை, எட்டாம் மாதத்தில் ஒரு முறை, குழந்தைக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆனதும் ஒரு முறை, பால் நிறுத்தியபின் ஒரு முறை என்று குறைந்தது நான்கு முறை எடுக்க வேண்டும். பிரசவமான முதல் வாரத்தில் எடுக்கும் அளவை நம்பி எதையும் வாங்காதீர்கள், அது நாளுக்கு நாள் மாறும்.

இரண்டாம் மாதமே பழைய பிரா வலிக்கிறது

இது ஹார்மோன் வேலை. வயிறு தெரிவதற்கு வெகு முன்பே மார்பு கனத்து, தொட்டால் வலிக்கத் தொடங்கும். இப்போதே ஃபீடிங் பிரா வாங்க வேண்டாம். கம்பி இல்லாத, நடுவில் தடித்த தையல் இல்லாத பருத்தி பிரா இரண்டு போதும். இந்தக் கட்டத்தில் வாங்குவதை மட்டும் மிக உள்ளே இருக்கும் கொக்கி வரிசையில், அதாவது இறுக்கமான வரிசையில் பொருந்துமாறு பாருங்கள். மாதம் ஏற ஏற வெளி வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஏழு, எட்டாம் மாதத்தில் மூச்சு முட்டுகிறது, அடியில் கோடு விழுகிறது

"குண்டாகிவிட்டேன்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நடப்பது வேறு. கர்ப்பத்தில் விலா எலும்புக்கூடு பக்கவாட்டில் விரிகிறது. நெஞ்சுச் சுற்றளவு 5 முதல் 7 செ.மீ. வரை கூடலாம். முன்னே பார்த்தோமே, பிராவின் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் 5 செ.மீ. தான். ஆக ஒரு எண் முழுதாகத் தாண்டிவிட்டீர்கள்.

கப் சரியாக இருந்து பட்டை மட்டும் இறுக்கினால் புது பிரா வேண்டாம். ஹூக் எக்ஸ்டெண்டர் என்று ஒரு சின்னத் துணிப்பட்டை, கொக்கியோடு, ஃபேன்சி ஸ்டோரிலேயே கிடைக்கும். அதை மாட்டிக்கொண்டால் இரண்டு மூன்று விரற்கடை நீளும். வாங்கும்போது உங்கள் பிராவில் எத்தனை கொக்கி என்று எண்ணிக்கொண்டு போங்கள். இரண்டு கொக்கி உள்ளதற்கு மூன்று கொக்கி எக்ஸ்டெண்டர் சேராது.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும் சமயத்தில்தான் ஃபீடிங் பிரா வாங்க வேண்டும். இப்போது கொக்கிக் கணக்கு தலைகீழ். விலா விரிந்து உச்சத்தில் இருக்கிறது, பிரசவத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் மெல்லச் சுருங்கும். அதனால் இப்போது வாங்குவது கடைசி வெளி வரிசையில், தளர்வான வரிசையில் பொருந்த வேண்டும். பிறகு ஒவ்வொரு வரிசையாக உள்ளே வரலாம். நான்கு வரிசை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கப்பில் ஒரு கைக்குட்டையை மடித்து வைக்கும் அளவுக்கு இடம் இருக்கட்டும், பால் நிறையும்போது அந்த இடம் வேண்டும். இரண்டே இரண்டு வாங்குங்கள். மூன்றாவதை, நான்காவதை, குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபின் புது அளவில் வாங்கலாம். ஆடித் தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆறு வாங்கி வைத்தவர்கள் வீட்டில் நான்கு பிரிக்காமலே கிடக்கும்.

தோளில் குழி விழுகிறது, முதுகில் பட்டை மேலே ஏறுகிறது

இவை இரண்டும் ஒரே குறை. தோள்பட்டை அழுத்துகிறது என்றதும் நாம் கை வைப்பது தோள் வாரில்தான். ஆனால் கோளாறு பெரும்பாலும் கீழே, அடிப்பட்டையில் இருக்கும். மார்பின் பாரத்தில் பெரும்பகுதியை அடிப்பட்டை தாங்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் முதுகில் மேலே ஏறும், முன்னால் மார்பு தாழும், பாரம் முழுவதும் இரண்டு வார்களில் தொங்கும். நாம் வாரை இன்னும் இறுக்குவோம், முதுகுப் பட்டை இன்னும் ஏறும். கழுத்து வலி, தலைவலி வரை போகும்.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பிராவை மாட்டிக்கொண்டு இரண்டு வார்களையும் தோளிலிருந்து கீழே இறக்கிவிடுங்கள். பிரா ஓரளவு அங்கேயே நின்றால் பட்டை சரி. சட்டென்று சரிந்தால் பட்டை பெரிது. இன்னொன்று, கைகளை மேலே தூக்கிப் பாருங்கள். பட்டை மார்பின் மேல் ஏறி வரக்கூடாது. முதுகில் இரண்டு விரல் நுழைய வேண்டும், முழுக்கை நுழையக்கூடாது.

சரி, பட்டை பெரிது என்று தெரிந்துவிட்டது. முதலில் கொக்கியை உள் வரிசைக்கு மாற்றுங்கள். அதுவும் போதவில்லை என்றால் ஒரு எண் குறைத்து, ஒரு கப் கூட்டுங்கள். 36-பி பிராவின் கப்பும் 34-சி பிராவின் கப்பும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு. இதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். "சி கப் எல்லாம் எனக்கு எதற்கு" என்று கூச்சப்படுகிறார்கள். கப் எழுத்து தனியாக எந்த அளவையும் சொல்லாது, எண்ணோடு சேர்த்துத்தான் அதற்குப் பொருள். நம் ஊர்க் கடைகளில் பி கப் மட்டும் அடுக்கி வைத்துவிட்டு, மார்பு பெரிதானால் 38, 40 என்று எண்ணை ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். தோளில் குழியோடு நடமாடும் அம்மாக்களில் நிறைய பேருக்கு நடந்தது இதுதான். கடையில் இருப்பதற்கு ஏற்ப உங்கள் அளவை மாற்றாதீர்கள். சி, டி கப் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், அல்லது திருப்பி அனுப்பும் வசதி பார்த்து ஆன்லைனில் வாங்குங்கள்.

வாரும் அகலமாக, விரல் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஃபீடிங் பிராவில் வார் ரொம்ப இழுபடும் எலாஸ்டிக்காக இருந்தால் நடக்கும்போது மார்பு குலுங்கும், வலிக்கும்.

மூன்றாம் நாள் எதுவும் பொருந்தவில்லை, மார்பு கல் மாதிரி இருக்கிறது

பிரசவத்துக்கு அடுத்த இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் சீம்பாலிலிருந்து பால் பெருக்கத்துக்கு மாறும். பால் மட்டும் இல்லை, ரத்த ஓட்டமும் நீர்க்கோவையும் சேர்ந்து மார்பு வீங்கும். சிசேரியன் ஆனவர்களுக்கு ஒரு நாள் தள்ளிப் போகலாம். ஒன்றிரண்டு கப் அளவு கூடுவது சாதாரணம்.

இந்த நாட்களில் பிராவுக்கு ஒரே வேலைதான், அழுத்தாமல் தாங்குவது. விறைப்பான கப், நுரை வைத்த கப், கம்பி எதுவும் வேண்டாம். இழுபடும் மெல்லிய துணியில், கொக்கி இல்லாமல் குறுக்கே மடிந்து வரும் தூங்கும் பிரா ஒன்று இருந்தால் நல்லது. இல்லை என்றால் பிரா போடாமல் தளர்வான பருத்தி நைட்டியோடு இருங்கள். மார்பை இறுகக் கட்டினால் வீக்கம் வற்றும் என்று யாராவது சொன்னால், பால் கொடுக்கும் அம்மாவுக்கு அது வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். வயிற்றுக்குத் துணி கட்டும்போதும் அதன் மேல் விளிம்பு மார்பின் அடியில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவது முன்பக்கம் திறக்கும் பிராவாக இருக்கட்டும். கையில் டிரிப்ஸ் ஊசி குத்தியிருக்கும்போது தலைவழியாக மாட்டும் பிராவைப் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. இது எனக்கு இரண்டாவது பிரசவத்தில்தான் உறைத்தது.

மார்பு கல்லாக இருந்தால் கருவட்டமும் இறுகிக் குழந்தையால் வாய் வைக்க முடியாது. காம்பைச் சுற்றி விரல் நுனிகளால் நெஞ்சுப்பக்கமாக மெல்ல ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் அந்த இடம் இளகும், அப்புறம் குழந்தையைப் பிடிக்கவிடுங்கள். கொடுத்து முடித்ததும் ஈரத்துணியில் சுற்றிய ஐஸை கொஞ்ச நேரம் வைக்கலாம். குளிர்ந்த முட்டைக்கோஸ் இலையைக் கழுவிப் பிராவுக்குள் வைக்கும் வழக்கமும் இருக்கிறது, சிலருக்கு இதமாக இருக்கும். குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுப்பதுதான் உண்மையான வைத்தியம். இந்த வீக்கம் ஓரிரு நாளில் தணியும்.

ஒரே இடத்தில் கட்டி, தொட்டால் வலி

இதில் பொறுமையாகத் தேடுங்கள். கட்டி எந்த இடத்தில் என்று விரலால் தொட்டுவிட்டு, அதே இடத்தில் பிராவின் எந்தப் பகுதி உட்காருகிறது என்று பாருங்கள். பிராவைக் கழற்றியதும் தோலில் பதிந்திருக்கும் தடம் உங்களுக்கு வழிகாட்டும்.

அக்குள் பக்கம் என்றால் கப் சிறியது, அல்லது கம்பியின் முனை மார்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மார்புத் திசு அக்குள்வரை நீண்டிருக்கும், அதைக் கப்புக்குள் கொண்டுவர வேண்டும். கம்பி வைத்த பிரா போட்டாலே பால் கட்டிவிடும் என்பதற்கு நிரூபணம் இல்லை, ஆனால் அளவு நாளொரு விதமாக மாறும் முதல் சில வாரங்களில் கம்பி எங்கே குத்தும் என்று சொல்லவே முடியாது. அதனால் அளவு நிலைக்கும்வரை தவிர்த்துவிடுங்கள்.

மார்பைச் சுற்றி வட்டமாகத் தடம் என்றால், சில ஃபீடிங் பிராக்களில் கப்பை இறக்கியபின் உள்ளே ஒரு துணி வளையம் நிற்கும், அதன் விளிம்புதான். கப் சிறிதானால் அந்த வளையம் மார்பைப் பிதுக்கும். அளவை ஏற்றுங்கள், அல்லது வளையம் இல்லாமல் பக்கவாட்டில் ஒரு பட்டை மட்டும் உள்ள மாதிரிக்கு மாறுங்கள்.

மேல்பக்கம் வலி என்றால் ஒன்றைக் கேட்பேன். சாதாரண பிராவை அப்படியே மேலே சுருட்டிவிட்டுப் பால் கொடுக்கிறீர்களா? நம் வீடுகளில் இது மிகச் சாதாரணம். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து இருபது நிமிடம், அடிப்பட்டை எலாஸ்டிக் மார்பின் மேல்பகுதியை அழுத்திக்கொண்டிருக்கும். ஜாக்கெட்டின் கீழ் இரண்டு கொக்கியை மட்டும் அவிழ்த்துக் கொடுப்பவர்களுக்கும் இதே நிலைதான். எல்லாக் கொக்கியையும் அவிழ்த்துவிட்டுக் கொடுங்கள். பிராவுக்குள் சின்னப் பர்ஸோ மொபைலோ செருகி வைக்கும் பழக்கம் இருந்தால் இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். குழந்தையைத் தூக்கும் பையின் வார், தோள்பையின் வார், குப்புறப் படுப்பது, எல்லாவற்றையும் யோசித்துப் பாருங்கள்.

கட்டியை அழுத்தித் தேய்த்துக் கரைக்கச் சொல்வார்கள். அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற மருத்துவர் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை வேண்டாம் என்கிறது. அழுத்தித் தேய்த்தால் உள்ளே வீக்கம் கூடும். முழுக்க வற்றவைக்கிறேன் என்று பம்ப் போட்டு எடுப்பதும் கூடாது, எடுக்க எடுக்க அதிகமாகச் சுரக்கும். வழக்கம்போலக் கொடுங்கள், இடையில் ஐஸ் வையுங்கள், சரியாகத் தாங்கும் பிரா போடுங்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலோ, மார்பில் சிவப்பு பரவினாலோ, ஒரு நாளில் தணியாவிட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். பிரா மாற்றுவது அதற்கு வைத்தியம் ஆகாது. பால் கொடுப்பதை நிறுத்தவும் வேண்டியதில்லை. காய்ச்சல், வலி இல்லாமலே ஒரு கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நின்றாலும் கட்டாயம் காட்டுங்கள், பால் கட்டிதானே என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு கையால் திறக்க முடியவில்லை

குழந்தை எப்போதும் ஒரு கையில் இருக்கும். அதனால் கடையில் சோதிக்கும்போதே இடது கையால் வலது பக்கத்தையும், வலது கையால் இடது பக்கத்தையும் திறந்து மூடிப் பாருங்கள். திறப்பது எளிது, திரும்ப மாட்டுவதுதான் கஷ்டம். சின்ன பிளாஸ்டிக் கிளிப் "டக்" என்று மாட்டும் ஒலி கேட்க வேண்டும். உலோகக் கொக்கியைத் துணி வளையத்தில் நுழைக்கும் மாதிரி, தூக்கக் கலக்கத்தில் இரவு இரண்டு மணிக்கு எரிச்சலூட்டும்.

கப் முழுதாகக் கீழே இறங்க வேண்டும். பாதி இறங்கி துணி குவிந்தால் குழந்தையின் மூக்கிலும் கன்னத்திலும் இடிக்கும், வாயை அகலத் திறந்து பிடிக்க முடியாது. முன்பக்கம் நடுவில் வரிசையாகக் கொக்கி வைத்த பிரா விலை குறைவு, ஆனால் ஒரு பக்கம் கொடுக்க இரண்டு பக்கமும் திறந்துகொள்ளும். வீட்டுக்கு அது போதும். வெளியே போகும்போது பக்கத்துக்கு ஒன்றாகத் திறக்கும் கிளிப் மாதிரியே வசதி. தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015-ல் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அந்தச் சிறிய அறையில் இன்னொரு அம்மாவும் காத்திருக்கும்போது கொக்கியோடு போராடாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று பயணம் செய்தவர்களுக்குத் தெரியும்.

நனைந்துகொண்டே இருக்கிறது

குழந்தை அழும் சத்தம் கேட்டாலே பால் இறங்கும், பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருந்தாலும். ஒரு பக்கம் கொடுக்கும்போது மறுபக்கம் சொட்டும். வெளியில் இருக்கும்போது சுரப்பு தெரிந்தால், கைகளைக் கட்டிக்கொள்வதுபோல வைத்து முன்னங்கையால் மார்பை ஒரு நிமிடம் நேராக அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். இதை முதல் வாரங்களில் அடிக்கடி செய்ய வேண்டாம்.

பிராவுக்குள் வைக்கும் பேட்டில் துவைத்துப் போடும் பருத்தி வகை நம் வெயிலுக்கு ஏற்றது. பழைய வேட்டித் துணியை நான்கு மடிப்பாக வட்டமாக வெட்டி ஓரம் தைத்தாலும் அருமையாக உறிஞ்சும். பின்னால் பிளாஸ்டிக் படலம் வைத்தது சேலையைக் காப்பாற்றும், ஆனால் காம்பை ஈரத்திலேயே ஊறவைக்கும். திருமணம், அலுவலகக் கூட்டம் போன்ற சில மணி நேரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். நனைந்ததும் மாற்றிவிட வேண்டும். பேட் காய்ந்து காம்பில் ஒட்டிக்கொண்டால் பிடுங்காதீர்கள். வெதுவெதுப்பான நீரால் நனைத்து, இளகியபின் எடுங்கள். பேட் வைத்தபின் கப் இறுகினால் கப் அளவு போதவில்லை என்று அர்த்தம்.

பால் பட்ட பிராவை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். நேரே சுடுநீரில் போட்டால் பால் துணியில் திரிந்து பிடித்துக்கொள்ளும், வாடையும் போகாது. துணிக்கு மணமூட்டும் கண்டிஷனரில் பேட்டை நனைத்தால் உறிஞ்சும் தன்மை குறையும். பிராவை நிழலில் காயவையுங்கள், கடும் வெயிலில் எலாஸ்டிக் சீக்கிரம் தளரும். பேட்டை வெயிலில் போடலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் எதுவும் காயாது, அந்த மாதங்களில் பிரசவம் என்றால் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மார்புக்கு அடியில் சிவந்து அரிக்கிறது

வியர்வையும் கசிந்த பாலும் மடிப்பில் தங்குவதால் வருவது. பாலியஸ்டர் துணி, ரேகை ரேகையாகக் குத்தும் லேஸ், ஈரமான பட்டை, மூன்றையும் மாற்றுங்கள். குளித்ததும் மடிப்பைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஐந்து நிமிடம் காயவிட்டுப் பிறகு மாட்டுங்கள். மதியம் ஒரு முறை பிராவை மாற்றினாலே பாதி குறையும். பவுடரை அப்பாதீர்கள், குழந்தை மூக்கு அங்கேதான் இருக்கும். விளிம்பு தெளிவாகச் சிவந்து, சுற்றிலும் சின்னப் பொரி கிளம்பினால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருந்துக் கடையில் நீங்களே களிம்பு வாங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

காம்பு வலிக்கிறது, பிராதான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. பால் கொடுக்கும்போது வலித்து, குழந்தை விட்டதும் காம்பு லிப்ஸ்டிக் முனை போலச் சப்பையாக இருந்தால், குழந்தை காம்பை மட்டும் பிடித்திருக்கிறது. கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பிடிக்க வேண்டும். இதற்கு எத்தனை பிரா மாற்றினாலும் தீராது, செவிலியரிடமோ பாலூட்டல் ஆலோசகரிடமோ நேரில் காட்டுங்கள். பால் கொடுக்காத நேரத்தில் துணி உரசும்போது மட்டும் வலித்தால், கப்பின் நடுவில் ஓடும் தையலைப் பாருங்கள். தையல் இல்லாத வழுவழுப்பான கப்புக்கு மாறினால் தீர்ந்துவிடும்.

ஒரு பக்கம் பெரிது

நிறைய பேருக்கு இருக்கும். பெரிய பக்கத்துக்கு அளவெடுங்கள், சிறிய பக்கத்தில் பேட் ஒன்று கூடுதலாக வையுங்கள்.

இரவிலும் போட வேண்டுமா?

கசிவுக்கு பேட் வைக்க வேண்டும் என்றால் தளர்வான தூங்கும் பிரா. மற்றபடி தேவை இல்லை. "போடாவிட்டால் தொங்கிவிடும், பால் கொடுத்தாலே தொங்கிவிடும்" என்று பயமுறுத்துவார்கள். 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தாய்ப்பால் கொடுத்தது அதற்குக் காரணமாக வரவில்லை. வயது, எத்தனை முறை கர்ப்பமானார் என்பது, உடல் எடை, புகைப்பழக்கம், கர்ப்பத்துக்கு முந்தைய மார்பளவு ஆகியவைதான் காரணமாக வந்தன. அந்தப் பயத்தில் குழந்தையின் பாலைக் குறைக்காதீர்கள்.

வேலைக்குத் திரும்பியபின் பம்ப்போடு ஒத்துவரவில்லை

இந்தியாவில் 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்திருந்தால், திரும்பும்போது குழந்தைக்கு நாலரை மாதம்கூட ஆகியிருக்காது, முழுக்கத் தாய்ப்பால்தான். பம்பின் புனலைக் கப்பின் விளிம்பு தள்ளினால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து காம்பை உரசும். காம்புக்கு நேராகக் கீறல் போன்ற திறப்பு உள்ள பம்பிங் பிரா இருக்கிறது. பழைய விளையாட்டு பிரா ஒன்றில் அந்த இடத்தில் சின்ன ஓட்டை வெட்டி ஓரம் தைத்தும் செய்துகொள்ளலாம், என் தோழி ஒருத்தி எட்டு மாதம் அப்படித்தான் ஓட்டினாள். வேலை நாளில் நேரம் தவறினால் மார்பு நிறைந்து பிரா இறுகும். பை அடியில் இன்னொரு பிராவும் இரண்டு ஜோடி பேட்டும் எப்போதும் இருக்கட்டும்.

இரண்டு, மூன்று மாதத்தில் கப் தொளதொள என்று ஆகிவிட்டது

இந்தக் குறையோடு வருபவர்கள் பிராவைப் பற்றிக் கேட்பதில்லை. "எனக்குப் பால் வற்றிவிட்டதா அக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் குழந்தை குடிக்கும் அளவுக்கும் சுரக்கும் அளவுக்கும் கணக்கு சரியாகிவிடும். ஆரம்ப வீக்கம் போய் மார்பு மிருதுவாகும், கசிவும் குறையும். கப் காலியாகத் தெரிவதை வைத்து பவுடர் பாலுக்கு மாறிய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். பால் போதுமா என்பதைக் குழந்தையை வைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடை ஏறினால் போதுமான பால் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் தடுப்பூசிக்குப் போகும் நாளில் எடை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் மறுபடி டேப்பை எடுக்கும் நேரம். விலாவும் சுருங்கியிருக்கும், பெரும்பாலும் எண் ஒன்று குறையும். நிறைந்தும் இல்லாமல் காலியாகவும் இல்லாமல், இரண்டு பாலூட்டலுக்கு நடுவில் அளவெடுங்கள். நீண்ட நாள் போடப்போகும் நல்ல பிராவுக்குப் பணம் செலவழிக்க இதுதான் சரியான சமயம். கம்பி வைத்தது பிடிக்கும் என்றால் இந்தக் கட்டத்தில் சரியான அளவில் போடலாம்.

பால் நிறுத்தும்போது

ஒரு நாளில் நிறுத்தாமல், ஒவ்வொரு வேளையாக, சில நாள் இடைவெளி விட்டுக் குறையுங்கள். அந்த வாரங்களில் நன்றாகத் தாங்கும், ஆனால் இறுக்காத பிரா தேவை. தாங்க முடியாத அளவு நிறைந்தால் வலி குறையும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சிவிடுங்கள்.

நம் ஊரில் பால் வற்ற மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் இருக்கிறது. 1988-ல் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு அதைப் பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரண்டிலும் குறைந்தது, மாத்திரையில் அதிகமாகக் குறைந்தது. மார்பு வீக்கத்தைக் குறைப்பதில் பூவும் அதே அளவு பலன் தந்தது. செய்ய நினைப்பவர்கள் பூவைத் தளர்வான பிராவுக்குள் வைத்தால் போதும், துணியால் இறுகக் கட்ட வேண்டாம்.

குழந்தையை இழந்த அம்மாவுக்கும் மூன்றாம் நாள் பால் நிறையும். அவளிடம் யாரும் பிராவைப் பற்றிப் பேச மாட்டார்கள், அவளாகக் கேட்கவும் மாட்டாள். பக்கத்தில் இருக்கும் அக்காவோ அம்மாவோ, மென்மையான, ஒரு கப் பெரிய பிரா இரண்டும், பேட்டும், ஐஸ் வைக்க ஒரு துணியும் கேட்காமலே வாங்கி அவள் கட்டிலருகில் வைத்துவிடுங்கள்.